மிக்சர்: ஒரு பலகாரத்தின் வரலாறும் ஒரு திருத்தமும்

நம் இலக்கிய வட்டம் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், உறுப்பினர் கவிதைகளைத் தொகுத்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டோம். தொகுக்கும் பணியும் மெய்ப்புப் பார்க்கும் பணியும் எனக்கு வாய்த்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தவன் கையில் சிவப்பு மைப் பேனாவைக் கொடுத்தால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது.

அத்தொகுப்பில் இளங்கவிஞர் ஒருவரின் கவிதை இடம்பெற்றது. தீபாவளிக்கு முதல்நாள் இரவெல்லாம் அடுப்படியில் நின்று, வீட்டாருக்கும் அண்டை அயலாருக்குமாக மிக்சர் செய்து முடித்து, விடியும் வேளையில் ஒரு வாயும் உண்ணாமல் உறங்கிப்போகும் ஒரு தாயைப் பற்றியது அது. நல்ல கவிதை. அதில் மூன்று இடங்களில் வந்த ‘மிக்சர்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, ‘கலவைத் தின்பண்டம்’ என்று திருத்தினேன். கவிஞரைக் கேட்கவில்லை. நூல் அச்சாகி வந்தது. வெளியீட்டு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னருகே வந்து, குரலில் எவ்விதக் கடுமையும் இன்றிச் சொன்னார்: “அய்யா, எங்க அம்மா கலவைத் தின்பண்டம் செஞ்சதே இல்லீங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அச்சொல் என்னை விடவில்லை. கூட்டந்தோறும் கவிதை வாசிப்பு முடிந்ததும் தேநீருடன் செய்தித்தாள் துண்டில் ஒரு கைப்பிடி மிக்சர் வருகிறதல்லவா? அதை உண்ணும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வரும். பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று வட்டச் செயலாளர் கேட்டபோது, கல்வெட்டையோ கோயிலையோ பற்றி எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருப்பார். நான் மிக்சரைத் தேர்ந்தேன். காரணத்தைக் கட்டுரையின் முடிவில் கூறுவேன்.

விளக்கும் அவலும்

மிக்சரில் அவலும் ஒரு பொருள். எங்கள் வீட்டு மிக்சரில் அதுவே பெரும்பகுதி. தமிழர் பண்டிகையோடு அவலுக்குள்ள உறவு மிகப் பழையது. சங்க நூல்களில் தீபாவளி இல்லை; கார்த்திகை விளக்கீடு உண்டு. அகநானூற்றின் 141ஆம் பாட்டு, கார்த்திகைத் திங்களின் மதி நிறைந்த நடுஇரவில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுக் கொண்டாடும் விழாவைப் பேசுகிறது. அதே பாட்டில், வயலில் விளைந்த நெற்கதிரை முறித்து வந்து மகளிர் பச்சை அவல் இடிக்கிறார்கள். அவர்களது உலக்கையின் ஓசை கேட்டு நாரை அஞ்சிப் பறக்கிறது. குறுந்தொகையின் 238ஆம் பாட்டிலும் அவல் இடித்த உலக்கை வருகிறது. மகளிர் அதை நெல்வயலின் வரப்பிலே கிடத்திவிட்டு விளையாடப் போகிறார்கள்.

இவ்விரு பாடல்களையும் வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். உலக்கையின் அடைமொழிக்குப் பொருள் சொன்னேன். நாரை அஞ்சியதற்கு உள்ளுறை சொன்னேன். அந்த அவல் என் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் ஆண்டுதோறும் வந்து இறங்கியது என் கண்ணுக்குப் புலப்படவே இல்லை.

பண்டம் செய்து விற்போரையும் பழைய நூல்கள் மறக்கவில்லை. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு நெருங்கும்போது, மோதகமும் இனிப்பு அடையும் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவுக்கு அணியமாகும் புகார் நகரத்தைச் சொல்லும் காதையில், பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் மருவூர்ப்பாக்கத்து வீதியில் இடம்பெறுகிறார்கள். பண்டிகைக்குப் பண்டம் செய்வோர் உறக்கம் இழப்பது இரண்டாயிரம் ஆண்டு வழக்கம் போலும்.

இனிப்பையும் மொறுமொறுப்பையும் கலக்கும் வழக்கமும் புதிதன்று. கார்த்திகைக்கு நெற்பொரியும் அவற்பொரியும் வெல்லப்பாகில் இட்டு, பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பிடிக்கும் பொரி உருண்டையை எண்ணிப் பாருங்கள். ஆயுதபூசை நாளில் பட்டறையிலும் அச்சகத்திலும் கைநிறைய வழங்கும் பொரியும் கடலையும் வெல்லமும் அவ்வழி வந்தவையே. தானியம், பருப்பு, இனிப்பு என்னும் மூன்றும் சேர்ந்த இக்கூட்டே மிக்சருக்கு அடித்தளம். இதில் உப்பும் காரமும் கொதிக்கும் எண்ணெயும் பின்னர் வந்து சேர்ந்தன. அவை வந்த கதைதான் நம் வரலாற்றின் பெரும்பகுதி.

கரும்பு தந்த பெருமை

‘வெளியிலிருந்து வந்தது’ என்று ஒரு பொருளைத் தள்ளுவதற்கு முன், ஔவையார் பாடிய புறநானூற்று 99ஆம் பாட்டை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சியைப் புகழ வந்த ஔவையார், அவன் முன்னோர் செய்த அருஞ்செயல்களை வரிசைப்படுத்துகிறார். பெறற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து தந்தமையும் அவ்வரிசையில் ஒன்று. பொங்கலன்று வாயிலில் சார்த்திவைக்கும் கரும்பைத் தமிழ்த் திருநாளின் அடையாளம் என்கிறோம். அது வந்த பயிர் என்பதை நம் மூத்த புலவரே சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நில்லாமல், கொண்டுவந்தவனின் குடிக்கு அதைப் பெருமையாகவும் பாடியிருக்கிறார்.

மிக்சரில் கடைசியாகத் தூவும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை அந்தக் கரும்பின் வழித்தோன்றல். வெண்சர்க்கரைக்குத் தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் வழங்கும் சீனி என்னும் பெயர் சீன நாட்டை நினைவூட்டுகிறது. ஒரு சிட்டிகைக்குள் அதியமானும் இருக்கிறான், சீனமும் இருக்கிறது.

உப்போ நம் கடற்கரையின் சொந்தப் பொருள். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. அந்த உப்புக்கும் வரி விதித்த ஆட்சியை எதிர்த்து 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு இராசாசி தலைமையில் தொண்டர்கள் நடந்தார்கள். விலை குறைந்த பொருளாயிற்றே என்று நாம் எண்ணாமல் தூவும் உப்புக்கும் ஒரு போராட்டம் உண்டு.

கப்பல் ஏறி வந்தவை

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். இரண்டாண்டு கழித்து, 1500இல், இந்தியாவுக்குப் புறப்பட்ட மற்றொரு போர்ச்சுகீசியக் கப்பற்படை வழியில் பிரேசில் கரையைத் தொட்டது. அவ்விரு கரைகளையும் ஒரே நாட்டவர் கப்பல்கள் இணைத்தமையால், அமெரிக்கக் கண்டத்தின் செடிகள் பதினாறாம் நூற்றாண்டில் நம் கரைக்கு வரத் தொடங்கின. மிளகாயும் முந்திரியும் அவ்வாறு வந்தவை.

அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியைச் சங்கப் பாடல் கூறுகிறது. அத்தகைய மிளகு விளைந்த நாட்டிலேயே, புதிதாய் வந்த சிவந்த காய் சில நூற்றாண்டுகளில் அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. எவர் தோட்டத்திலும் விளைந்ததே அதன் வெற்றிக்குக் காரணம். மிளகுக்கொடிக்கு மலையும் மழையும் நிழலும் வேண்டும்; மிளகாய்ச் செடிக்குக் கொல்லைப்புறம் போதும். ஏழையின் காரமாக அது பரவியது. இன்று இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது (2023). ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அயலாராய் வந்த செடி, வறண்ட அந்த மண்ணின் பெயரால் அறியப்படுகிறது.

அதற்கு நம்மவர் பெயரிட்ட அழகைக் கவிஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். வந்தவர்கள் வழங்கிய பெயரை நாம் வாங்கவில்லை. மிளகைப் போல் உறைக்கும் காய், ஆகவே மிளகாய். அறிந்த சொல்லோடு அறிந்த சொல்லைச் சேர்த்து அறியாத பொருளை வீட்டுக்குள் அழைத்துவந்துவிட்டோம். இப்பெயரை இட்டவர் எந்தப் புலவருமல்லர். சந்தையிலும் அடுப்படியிலும் அதைக் கையாண்டவர்களே.

முந்திரியின் பெயர் வேறுவகையில் சுவையானது. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னம். கொடிமுந்திரி என்றால் திராட்சை. மலையாள நாட்டில் முந்திரி மரத்துக்குப் பறங்கிமாவு என்று பெயர். பறங்கியர் கொண்டுவந்த மா என்பது அதன் பொருள். அங்கே பெயரிலேயே வந்தவழி பதிவாகிவிட்டது. இங்கோ, பண்ணுருட்டிச் செம்மண் காடுகளில் அது தலைமுறை தலைமுறையாய் வேரூன்றிவிட்டமையால், மரத்தின் பிறப்பிடத்தை யாரும் கேட்பதில்லை. கோடையில் அக்காட்டு வழியே செல்பவர்க்கு முந்திரிப்பழத்தின் மணமே ஊரின் மணம். மிக்சரில் இந்தப் பருப்பைத் தேடி எடுக்கும் பிள்ளைகளின் விரல்களுக்குப் பிரேசிலும் தெரியாது, பின்னக் கணக்கும் தெரியாது.

எல்லாமே மேற்கிலிருந்து கப்பலில் வந்தவை என்றும் கருத வேண்டா. பெருங்காயம் ஆப்கானிய, ஈரானிய மலைநிலங்களில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். வணிகர் கைமாறி அது நம் அஞ்சறைப் பெட்டிக்கு வந்தது. இத்தனை நூற்றாண்டுகள் உண்டும் அதை நாம் பயிரிட்டதில்லை. 2020இல்தான் இமாசலப் பிரதேசத்து லாகௌல் பள்ளத்தாக்கில் அறிவியலாளர் முயற்சியால் நாற்று நடப்பட்டது. கடலைமாவுக்கு மூலமான கொண்டைக்கடலை மேற்காசியாவில் முதலில் பயிரானது. இக்கூட்டத்தில் என்றும் நம் காட்டில் நின்றது கறிவேப்பிலை. எல்லாரும் உண்டபின் தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதும் அதுவே.

கடலை என்னும் ஒரு சொல்

மிக்சரின் உயிர் நிலக்கடலை. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிருக்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல: வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலாக்கொட்டை. எங்கள் கடலூர், விழுப்புரம் பகுதியில் மல்லாட்டை என்போம். பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரின் பெயர் உழவர் நாவில் உருண்டு உருண்டு மல்லாட்டையாயிற்று.

இப்பெயர்களுள் வேர்க்கடலை என்பது செடிநூல் நோக்கில் பிழை. கடலை வேரில் காய்ப்பதில்லை. மஞ்சள் பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, தலைகுனிந்து, மண்ணுக்குள் புகுந்து, இருளிலே காயாகிறது. மேலே பூத்துக் கீழே காய்க்கும் இச்செடியை உவமையாக்கிக் கவிதை எழுத நம் வட்டத்தில் ஒருவரும் முன்வராதது எனக்கு வியப்பே. இங்கு நிலக்கடலை என்பது பொருந்தும் பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சு நாட்டு மார்சேய் நகருக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அங்கே எண்ணெய் ஆலைகளும் சவர்க்காரத் தொழிலும் அதற்காகக் காத்திருந்தன. ஏற்றுமதிக்கென்று பெருகிய பயிர் உள்ளூர்ச் செக்குக்கும் வந்தது. இதனால் அடுப்படியில் ஏற்பட்ட மாற்றம் பெரிது. எண்ணெய் என்னும் சொல்லே எள்ளின் நெய் என்று பொருள்படும். அந்த நல்லெண்ணெயைச் சட்டி நிறைய ஊற்றிப் பொரிப்பது எல்லார்க்கும் இயல்வதன்று. கடலை எண்ணெய் மலிந்தபின் எண்ணெய்ப் பலகாரம் எளிய வீட்டுக்கும் எட்டியது. தீபாவளி அடுப்பின் புகை குடிசைக் கூரைமேலும் எழுந்ததற்கு இந்த மண்ணுள் காய்க்கும் காயும் ஒரு காரணம்.

மொழியில் நேர்ந்ததையும் பாருங்கள். கடலை என்றால் முன்பு கொண்டைக்கடலை. வந்தது புதுக்கடலை, நிலத்துக்குள் காய்ப்பதால் அடைமொழி பெற்றது. நாளடைவில் அடைமொழியை உதறிவிட்டுக் கடலை என்னும் வீட்டுப் பெயரையே தனதாக்கிக்கொண்டது. இன்று கடலைமாவு என்றால் கொண்டைக்கடலையின் மாவு. கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலையின் எண்ணெய். கடலைமாவைக் கரைத்துக் கடலை எண்ணெயில் பொரிக்கும் பெண், ஒரே சொல்லால் இரு கண்டங்களின் பயிரைக் கையாள்கிறாள். குழப்பம் நேர்ந்ததாக நான் கேட்டதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எந்தக் கடலை என்று எவரும் விளக்கம் கேட்கவில்லை.

ஐப்பசி மழையும் அடுப்படியும்

இனிச் செய்முறைக்கு வருவோம். என் தாயார் செய்ததையே சொல்கிறேன். அவர் எதையும் எழுதிவைத்தவரல்லர். மெட்ரிக் எடைகள் 1958 முதல் நடைமுறைக்கு வந்தபோதும் அவர் அடுப்படிக்குள் கிலோ நுழையவில்லை. படி, உரி, உழக்கு, ஆழாக்கு இவையே அவர் கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு படி அவலுக்கு ஓர் உழக்கு மல்லாட்டைப் பயறு, ஓர் ஆழாக்குப் பொட்டுக்கடலை, பூந்திக்கும் ஓமப்பொடிக்குமாக இரண்டு உழக்குக் கடலைமாவு. முந்திரி மட்டும் கையளவு. அக்கை சில ஆண்டுகளில் சிறுத்திருந்தது; குடும்பத்தின் வரவுசெலவு அதில் தெரிந்தது.

முதலில் ஓமப்பொடி. ஓமத்தை அரைத்து, நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி அந்நீரால் மாவு பிசைவார். வடிகட்டாவிட்டால் அச்சின் கண்ணில் ஓமம் அடைத்துக்கொள்ளும். அடுத்துப் பூந்தி. கரைத்த மாவில் ஒரு துளியை எண்ணெயில் விட்டுப் பார்ப்பார். தட்டையாக விரிந்தால் நீர் அதிகம். வால் முளைத்தால் மாவு கெட்டி. முத்தாய்த் திரண்டால் பதம். பூந்தி என்னும் பெயரே இந்தியில் துளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் துளி சர்க்கரைப் பாகில் விழுந்தால் லட்டு. காரப்பொடியில் விழுந்தால் மிக்சர். ஒரே கரண்டியிலிருந்து இறங்கிய உடன்பிறப்புகள் அவை.

பின்பு மல்லாட்டை, பொட்டுக்கடலை, முந்திரி என ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணெயில் இறங்கும். ஒவ்வொன்றும் சிவக்கும் நேரம் வேறாதலால் சேர்த்துப் போடக்கூடாது. கெட்டி அவலை அரிகரண்டியில் வைத்து நன்கு காய்ந்த எண்ணெயில் அமிழ்த்தினால், கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளையாய்ப் பொரிந்து மேலெழும். கறிவேப்பிலையைப் போட்டதும் சடசடவென ஓசை எழும். ஓசை அடங்கினால் ஈரம் போயிற்று என்று பொருள். எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டி, சூடு ஆறுமுன் உப்பும் மிளகாய்ப்பொடியும் பெருங்காயமும் தூவிப் புரட்டுவார். சூட்டில்தான் மேலிருக்கும் எண்ணெய்ப் பசையில் உப்பு ஒட்டும். உலர்திராட்சையும் பொடித்த சர்க்கரையும் முற்றும் ஆறியபின். முன்னரே போட்டால் சர்க்கரை இளகிப் பிசுபிசுக்கும். இனிப்பு நாவில் தெரியக்கூடாது, காரம் மட்டும் சற்றுத் தணிந்ததாகத் தோன்ற வேண்டும் என்பது அவர் அளவுகோல்.

இவ்வளவு கவனத்துக்கும் காரணம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் திங்களில் தீபாவளி வருகிறது. காற்றெல்லாம் ஈரம். பொரித்தல் என்பதே உணவின் நீரைப் போக்குவது; போக்கிய நீரை ஐப்பசிக் காற்று திரும்பக் கொடுக்கப் பார்க்கும். மூடி தளர்ந்த டின்னில் வைத்த மிக்சர் மறுநாளே நமத்துப்போகும். எங்கள் வீட்டில் மூடிக்கும் டின்னுக்கும் இடையே செய்தித்தாளை மடித்து வைத்து அழுத்துவோம். வெளியே கூரையிலிருந்து மழைநீர் வடிய, உள்ளே ஒரு பெண் இரவு முழுதும் ஈரத்தோடு போரிடுகிறாள். நம் தீபாவளி வரலாற்றில் இப்போர் எழுதப்படவில்லை.

எழுதப்பட்டவை சிலவே. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்து, வாய்வழி வந்த கைப்பக்குவம் பலவற்றை அச்சில் ஏற்றியது. புதுமணப் பெண்கள் பலருக்கு அது தாயின் இடத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கையளவு உண்டு. அது அந்தக் கையோடு போய்விடுகிறது. என் தாயார் மறைந்தபின் வந்த முதல் தீபாவளியில் மேற்சொன்ன கணக்குப்படியே நாங்கள் செய்தோம். எல்லாம் இருந்தது, அவர் செய்த மிக்சராக அது இல்லை. என் தமக்கை ஒரு வாய் உண்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் வந்த வழி

இனிப் பெயருக்கு வருவோம். மேலே கண்டவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. மிளகாய்க்குப் புதுப்பெயர் படைத்தோம். கடலைக்குப் பழம்பெயரை நீட்டினோம். மல்லாட்டையில் அயல்நகரின் பெயரை உருமாற்றினோம். பூந்தியை இந்தியிலிருந்து ஏற்றோம். பலகாரம் என்னும் பொதுப்பெயரே வடமொழியில் பழ உணவைக் குறித்த சொல்லின் வழிவந்தது என்பர். பல காரங்கள் சேர்ந்தது என்று நாம் பிரித்துப் பொருள்கொள்வது நம் சுவைக்கேற்ற பொருள். ஒரு சொல் நம்முடையதாகும் வழிகள் இத்தனை.

மிக்சர் இவற்றுள் கடைசி வழியில் வந்தது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்தாண்டோம். முன்பெல்லாம் மருத்துவமனையில் கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த சிவப்பு மருந்துக்கும் மிக்சர் என்றுதான் பெயர்; அதற்கு வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோக வேண்டும். கசந்த மிக்சர் மறைந்துவிட்டது, உறைக்கும் மிக்சர் நிலைத்துவிட்டது. ஆங்கிலேயரோ தம் நாட்டில் இத்தகைய பண்டத்தைப் பம்பாய் மிக்ஸ் என்கிறார்கள். சொல்லைக் கொடுத்தவர்கள் பண்டத்துக்கு நம் நாட்டு நகரின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். கணக்கு ஒருவாறு நேராயிற்று.

இப்பண்டம் ஒரு பண்டிகையோடு நிற்கவும் இல்லை. தீபாவளிக்கு எங்கள் தெருவிலிருந்து கிறித்துவர் வீட்டுக்குப் போன தட்டு, கிறித்துமசுக்கு முறுக்கும் மிக்சருமாய்த் திரும்பி வரும். வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது என்பது இரு வீட்டிலும் சட்டம். தட்டின்மேல் மூடிய துணியை விலக்கி, இவர்கள் மிக்சரில் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தாயார் முகர்ந்தே சொல்வார். மறு ஆண்டு எங்கள் மிக்சரிலும் பூண்டு இருந்தது. இப்போது மக்காச்சோள அவலும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, மக்கா நகரின் பெயரைத் தாங்கி, அகநானூற்று அவலின் பெயரையும் பெற்றுக்கொண்டு வந்திருக்கும் விருந்தாளி அது.

திருத்தம்

தூய தமிழ் மீது எனக்குள்ள பற்று குறையவில்லை. அலுவலகத்திலும் பாடநூலிலும் ஆய்விலும் நல்ல தமிழ்ச்சொல் உண்டாக்கிப் பரப்ப வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன். மிளகாய் என்னும் சொல் அதற்கு எனக்கு வழிகாட்டி. ஆனால் அச்சொல்லை உண்டாக்கியவர்கள் அந்தக் காயை அரைத்தவர்கள், அதன் உறைப்பில் கண்ணீர் விட்டவர்கள். நான் உண்டாக்கிய ‘கலவைத் தின்பண்டம்’ எந்த அடுப்பின் வெப்பத்தையும் அறியாதது. அதைக் கேட்டு ஒரு பிள்ளையும் ஓடிவராது. மிக்சர் என்னும் நான்கெழுத்தோ, என்ன இருந்தாலும், ஒரு தலைமுறைத் தாய்மார் நள்ளிரவில் உச்சரித்த சொல்.

கவிஞர் தம் தாயின் உழைப்பைப் பதிவுசெய்தார். நான் சொல்லைத் திருத்துவதாக எண்ணி, அந்த உழைப்பின் பெயரை அடித்துவிட்டேன். என் தாயார் செய்ததும் மிக்சர்தான். அப்பெயரால் அன்றி வேறொரு பெயரால் அவர் அதை அழைத்ததில்லை. எழுதப்படாத வரலாறு எழுத்தில் ஏறும் அரிய வேளையில் குறுக்கே நின்றது என் சிவப்புப் பேனா.

அத்தொகுப்பின் இரண்டாம் பதிப்பை இந்தப் பத்தாம் ஆண்டில் கொண்டுவர வட்டம் முடிவுசெய்திருக்கிறது. மூன்று இடங்களிலும் ‘மிக்சர்’ என்னும் சொல்லை மீண்டும் சேர்க்குமாறு பதிப்புக் குழுவை வேண்டுகிறேன். கவிஞரிடம் இதனை நேரில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்றேங்க அய்யா” என்றார்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளிக்கு முன் உங்கள் வீட்டு மூத்த பெண்மணியின் அருகே ஒரு தாளும் பேனாவும் கொண்டு அமருங்கள். எத்தனை ஆழாக்கு, எவ்வளவு நேரம், எப்போது சர்க்கரை என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எதையும் திருத்தாதீர்கள்.